ஐந்தாம் துறையில் இறங்கிப் போனவள்

மயிலாப்பூர்
5-1-1998, திங்கள்

திரு. சாய்நாத் அவர்களுக்கு,

விளையாட்டில் எந்தக் கோளாறு கண்டாலும் எழுத்தில்தான் தரவேண்டும், கூடவே ஃப்ளாப்பி வைக்கவேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது என்பது நம் முதலாளி கருணாகரன் போட்டிருக்கும் சட்டம். நமக்குள் வாய்ப்பேச்சு நின்று நான்கு வாரம் ஆகிவிட்டதால் சட்டத்தை மீறும் ஆபத்து எனக்கும் இல்லை, தங்களுக்கும் இல்லை. விளையாட்டை வாங்கும் சிங்கப்பூர்க்காரர்கள் கேட்டால் இந்த அறிக்கையை அப்படியே காட்டவேண்டுமாம். அதனால் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன்.

'ஏழாம் துறை' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கதையும் வசனமும் எழுதியவன் நான். புரோகிராம் எழுதியவர் தாங்கள். ஆடுகிறவர் ஒரு நாடோடி வீரனாகி, ஆற்றின் ஏழு படகுத் துறைகளைக் கடந்து, மலைக்கோட்டையிலிருக்கும் தன் தம்பியை மீட்கவேண்டும். அவனுக்கு இரண்டு துணை. ஒன்று நாச்சி என்ற படகுக்காரி. இன்னொன்று சுண்டு என்ற கோவேறு கழுதை. ஆடுகிறவர் வழியில் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் நாச்சியின் மனசுக்குள் ஒரு எண் ஏறும், அல்லது இறங்கும். அதற்குப் பற்று எண் என்று பெயர் வைத்தோம். அது திரையில் தெரியாது. அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அவள், "இனி என் துடுப்பு உனக்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவள் இல்லாமல் ஏழாம் துறையைக் கடக்க முடியாது.

கோளாறு இதுதான். நான் மூன்று முறை முழுதாக ஆடினேன். மூன்று முறையும் ஐந்தாம் துறையில் நாச்சி என்னை விட்டுப் போய்விட்டாள். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

இந்த மாதம் 28-ஆம் தேதி வட்டு சிங்கப்பூருக்குப் போகவேண்டும். இது சரியாகாவிட்டால் நாச்சியையே தூக்கிவிடுவேன் என்று கருணாகரன் ஃபோனில் சொன்னாராம். கீழே பீரோக் கடையில் இருக்கும் ஃபோனுக்கு என்னால் இறங்கிப் போக முடியாததால் கடைக்காரர் மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணுக்கு வசனம் எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

என் ஆட்டங்கள் பதிவான ஃப்ளாப்பியை என் தங்கை ஜுவேரியா தி.நகரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அலுவலகத்தில் கொடுப்பாள்.

இப்படிக்கு,
தல்ஹா


மேற்கு மாம்பலம்
7-1-1998

திரு. தல்ஹா அவர்களுக்கு,

அறிக்கை கிடைத்தது. நேற்று முழுநாளும் நானே ஆடிப் பார்த்தேன். நாச்சி என்னை விட்டுப் போகவில்லை. ஏழாம் துறை வரைக்கும் வந்தாள், கோட்டைச் சுவரில் கயிறு பிடித்தாள், விளையாட்டு ஒழுங்காக முடிந்தது. என்னிடம் இருக்கிறவள் உங்களிடம் இருக்க மாட்டேன் என்றால் கோளாறு புரோகிராமில் இல்லை, ஆடுகிற கையில் இருக்கிறது. எண் பொய் சொல்லாது.

நான் எப்படி ஆடினேன் என்று கேட்பீர்கள். அவளிடம் அதிகம் பேசவில்லை. துறை வந்தால் துடுப்புப் போடச் சொன்னேன், போட்டாள். மூன்றாம் துறையில் வெள்ளத்தில் அவள் மூட்டை போனபோது போகட்டும் என்று விட்டுவிட்டேன், இரண்டு நாள் முறைத்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். கழுதைக்கு நான் ஒரு முறைகூடப் புல் போடவில்லை.

உங்கள் ஃப்ளாப்பியைத் திறக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு பட்டியலாக எழுதி அனுப்பினால் எந்த இடத்தில் அவளை நோகடித்தீர்கள் என்று சொல்கிறேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்கிற எல்லாமே அடுத்தவருக்கு நல்லதாகப் படவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உங்கள் ஸ்கூட்டர் அலுவலகத்துக்குக் கீழே தார்ப்பாய் போட்டு நிற்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளவும்.

சாய்நாத்


மயிலாப்பூர்
9-1-1998

திரு. சாய்நாத் அவர்களுக்கு,

பட்டியல் கேட்டீர்கள். முழுப் பட்டியல் தனித் தாளில், வரிசைப்படி இருக்கிறது. முக்கியமானவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். எதில் நோகடித்தேன் என்று தாங்களே சொல்லுங்கள்.

முதல் துறையில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். இரண்டாம் துறையில் குளிருக்கு என் கம்பளியைக் கொடுத்தேன். வெள்ளத்தில் அவள் மூட்டை போனபோது குதித்து எடுத்துக்கொண்டு வந்தேன், அதில் என் உயிரில் பாதி போனது. சுண்டுவுக்கு ஒவ்வொரு துறையிலும் புல். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பயணத்தை நிறுத்தி மூலிகை தேடினேன். அவள் பதிலுக்குத் தன் பனையோலைத் தொப்பியைக் கொடுக்க வந்தாள், வேண்டாம், உனக்கு வெயில் அடிக்கும் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ஐந்தாம் துறையில் அரசனின் படகை அவள் பாறையில் மோதி உடைத்துவிட்டாள். அரசன் முன்னால் நான் போய் நின்று, உடைத்தது நான்தான் என்று பழியை ஏற்றுக்கொண்டேன். அடுத்த நிமிஷம், "இனி என் துடுப்பு உனக்கில்லை."

அந்த வசனத்தை எழுதியவன் நான். துரோகிகளைப் பார்த்துச் சொல்வதற்காக எழுதினேன். அதை என்னிடமே மூன்று முறை சொல்லிவிட்டாள்.

இதுவரை மரியாதையாக எழுதிவிட்டேன். இனி முடியவில்லை. சாய், டிசம்பர் எட்டாம் தேதி கருணாகரன் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். ஆறாம் துறை தாமதமானதற்கு நீதான் காரணம் என்றார். நான் எழுந்து, வசனம் தாமதமாகக் கொடுத்தது நான், தப்பு என்னுடையது என்றேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "யாருடா உன்னைக் கேட்டா? என் தப்பையாவது என்கிட்ட விடேன். உன் தர்மம் எனக்கு வேண்டாம்." அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப் அடிக்கிற முத்துலட்சுமி அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்கூட்டர் உன்னிடம் இருந்ததால் பஸ் ஏறினேன். கண்ணில் ஒன்றும் தெரியாமல் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கணுக்காலில் இரண்டு எலும்பு.

கால் உடைந்ததற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தா. நான் உனக்கு என்ன செய்தேன்?

தல்ஹா


மேற்கு மாம்பலம்
12-1-1998

தல்ஹா,

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதமாக நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எனக்குக் கெடுதல் செய்தாய் என்று சொல்ல ஒரு காரியம்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு உன்னைப் பார்த்ததும் அப்படி ஒரு எரிச்சல். ஏன் என்று தெரியாத எரிச்சலுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்தான் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்றைக்கு வரலாம், நாளைக்கு வரலாம் என்று தள்ளிப் போட்டேன், தள்ளத் தள்ள வருவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா தினமும் ஒரு முறை ஆரம்பிக்கிறாள்: "ஏண்டா, அந்தப் பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சு ஒரு மாசம் ஆறது, நீ என்னடான்னா ஆத்துல ஒக்காண்டு பேப்பர் படிச்சிண்டிருக்கே."

உன் தங்கையும் விடவில்லை. பட்டியலைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "அண்ணனுக்குக் கால்லதான் கட்டு, வாய்ல இல்ல. ஒரு தடவை வந்து நேர்ல சண்டை போட்டுட்டுப் போங்களேன் சாய் அண்ணே. நடுவுல நான் எதுக்கு தபால்காரி வேலை பாக்கறேன்?"

இப்போது கெட்ட செய்தி. இன்று காலை கருணாகரன் என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இன்னா நைனா, அந்தப் பொம்பள ஓடிக்கினே கீறா, நீங்க ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கினே கீறீங்க. வர்ற திங்கக்கெயமைக்குள்ள அவள தூக்கிடு. ஹீரோவும் கழுதையும் போதும். கழுதையாவது சொன்ன பேச்சு கேக்குது." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

நாச்சியை அழிக்கிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. பத்தொன்பதாம் தேதி வரை நேரம். உன் ஃப்ளாப்பியை இன்னும் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பொங்கலன்று அலுவலகம் விடுமுறை, சாவி என்னிடம் இருக்கிறது. அன்றைக்குத் திறக்கிறேன்.

சாய்


மயிலாப்பூர்
13-1-1998

சாய்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் அழுதுவிடுவாள். நாச்சி பேசுகிற பேச்சில் பாதி அம்மா பேசுகிற பேச்சு, அது உனக்குத் தெரியாது.

அழிக்கத்தான் வேண்டும் என்றால் நீ தயங்காதே. உன் மேல் பழி வரக்கூடாது. தல்ஹா எழுதிய கதையே சரியில்லை, துணைப் பாத்திரத்தை அவன்தான் குழப்பி எழுதியிருக்கிறான், புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை என்று கருணாகரனிடம் சொல்லிவிடு. வேண்டுமானால் அப்படி நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உன் வேலை பத்திரமாக இருக்கட்டும்.

சுண்டுவையாவது வைத்துக்கொள். அதற்கு ஒரு வசனமும் இல்லை, அதனால் பிரச்சினை வராது.

தல்ஹா


மேற்கு மாம்பலம்
15-1-1998

தல்ஹா,

முதலில் இதைப் படி: நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. நாச்சியும் தப்பு செய்யவில்லை. தப்பு என்னுடையது, அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது. நான் கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கிறேன். இந்த ஒரு மாதத்தில் நேற்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் பானை பொங்கி இறங்கியதும் அம்மா என் வாயில் ஒரு உருண்டையைத் திணித்து அனுப்பினாள். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தேன். உன் ஃப்ளாப்பியைத் திறந்து, உன் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் தல்ஹாவாக மாறி ஆடினேன். பற்று எண் தெரிகிற மாதிரி திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொண்டேன். இதை நான் ஐந்தாம் தேதியே செய்திருக்கவேண்டும்.

எண் இருபதில் ஆரம்பித்தது. அவள் சாப்பிடும்வரை காத்திருந்தேன், ஏறியது. கம்பளி கொடுத்தேன், ஏறியது. கழுதைக்குப் புல் போட்டேன், அதற்கும் ஏறியது. உன் பட்டியலில் மொத்தம் முப்பத்திரண்டு நல்ல காரியம் இருக்கிறது. முப்பத்தொன்று முடிந்தபோது எண் 124. என் கணக்கில் அந்த உயரத்துக்கு யாரும் போனதே இல்லை. ஐந்தாம் துறை வந்தது. அரசன் முன்னால் போய், படகை உடைத்தது நான்தான் என்றேன். அதற்கு ஆறு கூடவேண்டும். 130 வரவேண்டும்.

கட்டத்தில் மைனஸ் 126 என்று வந்தது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த எண்ணை வைக்க நான் ஒதுக்கிய அறை சின்னது. அதில் அதிகபட்சம் 127 வரை கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் புரண்டுவிடும். உன் ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வரும் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இது பூஜ்யத்தில் நிற்காது, நேரே அடிமட்டத்துக்குப் போய்விடும். நீ அவளிடம் காட்டிய கடைசி அன்பில் அவள் உன்னை உலகத்திலேயே அதிகமாக வெறுக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் கருமியாக ஆடினேன், என் எண் கடைசிவரை 41-ஐத் தாண்டவில்லை. அதனால்தான் என்னிடம் ஒழுங்காக இருந்தாள்.

ஏன் சின்ன அறை ஒதுக்கினேன் என்று கேள். அப்போது இடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் எவ்வளவு நல்லவனாக ஆடினாலும் தொண்ணூறு வருமா என்று கணக்குப் போட்டேன். அந்த ஆளாக என்னை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு முறையும் ஒருத்தன் நல்லதையே தேர்ந்தெடுப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் தோன்றவில்லை.

அந்த மைனஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஆளில்லாத ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நீ உட்கார்ந்திருந்தாய், நான் வேலையில் இருந்தேன். வாரா வாரம் ஸ்கூட்டர், பெட்ரோல் போட்டு. என் பாஸ்போர்ட் மனுவை நீ நிரப்பினாய். என் முதுகு வலிக்கிறது என்று உன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். போன ரம்ஜானுக்கு முப்பது நாளும் கறி போடாமல் எனக்கென்று தனிப் பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, தூக்கில் கொண்டுவந்தாய். எனக்கு அந்தக் கஞ்சி பிடிக்காது, தல்ஹா. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முப்பது நாள் குடித்தேன்.

எதையாவது திருப்பிச் செய்யலாம் என்று வந்தால் வாங்கமாட்டாய். உன் பிறந்த நாளைக்குச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு எதுக்குடா, உன் தம்பிக்குக் கொடு என்றாய். அன்றைக்கு நான் எவ்வளவு சின்னவனாக உணர்ந்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியவில்லை. உள்ளே எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. டிசம்பர் எட்டாம் தேதி நீ என் தப்பையும் எடுத்துக்கொண்டாய். அந்த நொடியில் புரண்டுவிட்டது. அரசன் முன்னால் பழியை ஏற்கிற காட்சியை நீ எழுதியது போன வருஷம், ஆபீஸில் நடத்திக் காட்டியது போன மாதம்.

பதிமூன்றாம் தேதி நீ எழுதிய கடிதம் இன்று வந்தது. மறுபடியும் பழியை நீயே ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வருகிறாய். திருந்தவே மாட்டாய்.

நான் பேசியது தப்பு. அதுவும் எல்லார் முன்னாலும் பேசியது பெரிய தப்பு. மன்னித்துவிடு. கால் உடைந்தபோது வராமல் இருந்தது அதைவிடப் பெரியது.

நாச்சியை அழிக்கப் போவதில்லை.

சாய்


மயிலாப்பூர்
17-1-1998

டேய் சாய்,

உன் கடிதத்தை ஜுவேரியா வாசலில் நின்று படிக்கப் பார்த்தாள், பிடுங்கிக்கொண்டேன். படித்து முடித்ததும் கட்டிலில் படுத்தபடியே சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். வலி மாத்திரை தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து அம்மா ஓடி வந்தாள். அவளிடம் சொன்னேன், அம்மா, நான் நல்லவனாக இருந்ததால்தான் அவள் ஓடிப்போயிருக்கிறாள் என்று. எந்தப் பெண் என்று கேட்டாள். நம்ம நாச்சிதான் என்று சொல்லி, அரை மணி நேரம் விளக்கவேண்டியதாயிற்று.

அப்பாடா என்று இருக்கிறது. மூன்று முறை ஓடிப்போனபோது நான் உண்மையிலேயே நம்பிவிட்டேன், எனக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது, சாய் கண்டுபிடித்துவிட்டான், நாச்சியும் கண்டுபிடித்துவிட்டாள் என்று. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தால் நம்பாமல் என்ன செய்வது?

ஆனால் கஞ்சி விஷயத்தில் உன்மேல் கோபம் இருக்கிறது. முப்பது நாள். அந்தத் தனிப் பாத்திரத்தைத் தினமும் அம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், சாய் குடிக்கிற பாத்திரம் என்று. மூன்றாம் நாளே பிடிக்கலடா என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கும் நிம்மதி, எனக்கும் தூக்கு தூக்குகிற வேலை மிச்சம். சொல்லாமல் குடித்ததில் உன் பங்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் நீயே ஏற்றுக்கொள்ளாதே, அது என் வழக்கம்.

சட்டை விஷயம் எனக்கு நினைவே இல்லை. நீ எழுதியதும்தான் நினைவு வந்தது. நீலக் கோடு போட்டது. மிகவும் பிடித்திருந்தது. ஏன் வாங்கவில்லை என்று நேற்று முழுக்க யோசித்தேன். வாப்பா போனபிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் மாமா வீட்டிலிருந்து எங்களுக்குத் துணி வரும். கொடுக்கிறவர்கள் முகத்தில் ஒரு களை இருக்கும் பார், வாங்குகிற எங்கள் முகத்தில் அது இருக்காது. கொடுக்கிற பக்கம்தான் நிற்பேன் என்று சின்ன வயசிலேயே முடிவு செய்துவிட்டேன். இன்னொரு பக்கத்தில் உன்னை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று தோன்றவில்லை.

இப்போது வேலை. நீ அறையைப் பெரிதாக்கப் போகிறாயா, 127-இல் நிறுத்தப் போகிறாயா? என்னைக் கேட்டால் நிறுத்து. அதற்கு மேல் செய்கிறது கணக்கில் ஏறவேண்டாம், குறையவும் வேண்டாம்.

இன்னொன்றும் மாற்றவேண்டும். நான்காம் துறையில் அவள் தன் பனையோலைத் தொப்பியைக் கொடுக்கிறாள் இல்லையா. நான் எழுதினபடி ஆடுகிறவன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எண் நகராது. அது தப்பு. வாங்கிக்கொண்டால் ஏறட்டும். வேண்டாம் என்றால் இறங்கட்டும், கம்பளியைக் கொடுக்காமல் இருந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. புது வசனம் தனித் தாளில் இருக்கிறது. தொப்பியை மறுத்தால் அவள் சொல்வாள்: "என் கையால ஒண்ணும் வாங்க மாட்டே, இல்ல? சரி, ஏறு. கூலிக்குத் துடுப்புப் போடறேன்." இதை எழுதும்போது உன் குரல்தான் காதில் கேட்டது.

தல்ஹா

வேறொன்றும் எழுத நினைத்தேன். அடித்துவிட்டேன். ஒன்றுமில்லை.


மேற்கு மாம்பலம்
21-1-1998

டேய் தல்ஹா,

127-இல் நிறுத்தியாயிற்று. தொப்பியும் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலை கருணாகரனை உட்காரவைத்து உன் பட்டியல்படி ஆடிக் காட்டினேன். நாச்சி ஐந்தாம் துறையில் பழி ஏற்கிற காட்சியைப் பார்த்துவிட்டு வீரன் பக்கத்திலேயே நின்றாள். ஏழாம் துறை வரை வந்தாள். கருணாகரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்புறம், "ஓவரா நல்லவனா இருந்தா இப்படியெல்லாமா ஆவுது? நல்லவேள நைனா, நமக்கு அந்தப் பிரச்சன இல்ல" என்றார். முத்துலட்சுமி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாமதமானது யாரால் என்று கருணாகரன் மறுபடி கேட்டார். என்னால் என்றேன், இந்த முறை யாரும் குறுக்கே எழுந்திருக்காததால் முழுத் திட்டும் எனக்கே கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

வட்டு 28-ஆம் தேதி போகிறது. நாச்சியோடு.

நீ சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்லட்டுமா. எல்லாம் முடிந்தபிறகு நான் என் பழைய மாதிரியே ஒரு முறை ஆடினேன். கழுதைக்குப் புல் இல்லை, மூட்டை போனால் போகட்டும். நான்காம் துறையில் தொப்பியை நீட்டினாள். பழக்கதோஷம், வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. போய்விட்டாள். நானே எழுதிய புரோகிராமில் நானே கரையில் நின்றேன், பக்கத்தில் பசியோடு ஒரு கழுதை. மறுபடி ஆடி, இந்த முறை தொப்பியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் நீ எழுதி அடித்த வரியைத் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதி படிக்க முடிந்தது. ஏதோ 27-ஆம் தேதி, ஏதோ படி. மீதி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தெரியவில்லை என்றுதான் சொல்லுவேன். நான் வரட்டுமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ வேண்டாம்டா, நான் பார்த்துக்கறேன் என்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன். அம்மா பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறாள். உனக்கு ஏதாவது வேண்டும் என்றால் நீ வாயைத் திறந்து கேட்கவேண்டும். அதுவரை உன் ஸ்கூட்டரைத் தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாய்


மயிலாப்பூர்
24-1-1998

சாய்,

இதற்கு முன் மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில் உனக்கு வேலை இருக்கும் என்று எழுதினேன். இரண்டாவதில், முடிந்தால், சௌகரியப்பட்டால் என்று எழுதினேன். மூன்றாவதில் பதிலுக்கு உனக்கு என்ன செய்கிறேன் என்று எழுதிவிட்டேன். ஜுவேரியா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இதுல என்ன கேக்கறேன்னே தெரியலண்ணே, தெளிவா எழுது" என்கிறாள். தெளிவாக எழுதுகிறேன்.

27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காலில் இருக்கும் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எங்கள் வீடு இரண்டாவது மாடி, முப்பத்தாறு படி. டிசம்பரில் என்னை மேலே ஏற்ற நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். அன்றைக்கு அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அதன்பிறகு ஏழு வாரமாக நான் கீழே இறங்கவில்லை. யாரையும் தூக்கச் சொல்லக்கூடாது என்பதற்காகவே இறங்கவில்லை. தெருவைப் பார்த்து இத்தனை நாளாயிற்று.

நீ வா. ஒரு கை நீ பிடி, ஒரு கை ஜுவேரியா பிடிக்கட்டும். நான் கனம், படுத்தே இருந்ததில் இன்னும் கூடியிருக்கும். நடுவில் இரண்டு முறை உட்காரவேண்டியிருக்கும், உன் சட்டை கசங்கும், உன் முதுகும் வலிக்கும். அன்றைக்கு லீவு போடவேண்டியிருக்கும், கருணாகரன் திட்டுவார். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். கட்டுப் பிரித்ததும் ஸ்கூட்டரில் உட்கார முடியுமா என்று டாக்டர் சொல்லவேண்டும், முடியும் என்றால் திரும்பும்போது உன் பின்னால் உட்கார்ந்து வரேன், முடியாது என்றால் ஆட்டோ.

வெள்ளிக்கிழமை பெருநாள். உனக்குக் கஞ்சி கிடையாது என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அந்த நீலக் கோடு போட்ட சட்டை உன் தம்பியிடம் இருந்தால் வாங்கிக்கொண்டு வா. எனக்கு வேணும்.

தல்ஹா